"எல்லாரும்தானே போடுறாங்க!"

ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவனை நிறுத்தி, பிளாஸ்டிக்கால் என்ன கெடுதல் என்று கேட்டுப் பாருங்கள். மூச்சு விடாமல் சொல்வான். மண்ணில் மக்காது, மாடு தின்றால் செத்துப்போகும், மழைத்தண்ணீர் நிலத்தில் இறங்காது, எரித்தால் டையாக்ஸின் வரும், கடலில் ஆமை அதை ஜெல்லிமீன் என்று விழுங்கிவிடும். ஐந்து மதிப்பெண் கேள்விக்கு ஐந்து பாயின்ட். சொல்லி முடித்த கையோடு சாக்லேட் உறையைக் காலடியில் போட்டுவிட்டு நடப்பான்.

இதைப் பார்த்ததும் பெரியவர்கள் "விழிப்புணர்வு போதவில்லை" என்று தீர்ப்பு எழுதிவிடுவார்கள். உடனே ஒரு பேரணி, ஒரு ஓவியப் போட்டி, ஒரு உறுதிமொழி. ஆனால் சுற்றுச்சூழலைப் பாடமாக வைக்கும்படி வழக்கறிஞர் எம்.சி.மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது 1991இல். பள்ளிகளில் தேசிய பசுமைப் படை வந்தது 2001-02இல். அன்று அந்தப் பாடத்தைப் படித்தவர்களின் பிள்ளைகள் இன்று அதையே படிக்கிறார்கள். பையனுக்குத் தெரியாதது ஒன்றுமில்லை. தெரிந்துகொண்டே ஏன் போடுகிறான் என்பதுதான் இந்த அத்தியாயம்.

இன்னொரு புதிரும் உண்டு. ஆறாம் வகுப்பில் இதே பையன் குழாயை மூடச் சொல்லி வீட்டில் எல்லாரையும் விரட்டியிருப்பான். மூன்றே வருடத்தில் அந்த வேகம் எங்கே போனது? சுவீடனில் ஓல்சன், கெரிக்கே என்ற இருவர் 6, 9, 12ஆம் வகுப்பு மாணவர்களின் சுற்றுச்சூழல் அக்கறையை அளந்து 2016இல் வெளியிட்டார்கள். ஒன்பதாம் வகுப்பில் அது சரிந்திருந்தது. பன்னிரண்டாம் வகுப்பில் ஓரளவு தேறியது. 'பதின்பருவப் பள்ளம்' என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். சுவீடன் பிள்ளைகளே விழுகிற பள்ளம் என்றால், நம் பிள்ளைகளை மட்டும் திட்டுவதில் அர்த்தமில்லை.

இந்தப் பள்ளத்தைப் பற்றிப் பேச வேளாங்கண்ணியைவிடத் தோதான ஊர் எனக்குத் தெரியவில்லை. நாகப்பட்டினத்துக்குத் தெற்கே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் ஒரு பேரூராட்சி. 2011 கணக்கெடுப்புப்படி ஊர்க்காரர்கள் சுமார் 11,000 பேர். ஆகஸ்ட் 29 கொடியேற்றத்திலிருந்து செப்டம்பர் 8 மாதா பிறந்தநாள் வரை வந்துபோகிறவர்களோ லட்சக்கணக்கில். அந்தப் பதினோரு நாளும் தெருவில் நடக்கிற முகங்களில் பெரும்பாலானவை உள்ளூர்ப் பிள்ளைக்குத் தெரியாத முகங்கள். 'எல்லாரும் என்ன செய்கிறார்கள்' என்று அவன் கண்ணுக்குக் காட்டுவது இந்த வெளியூர்க் கூட்டம்தான்.

'எல்லாரும் செய்வது' மனிதனை எப்படி இழுக்கிறது என்பதை அளந்து காட்டியவர் அமெரிக்க உளவியலாளர் ராபர்ட் சியால்டினி. 1990இல் அவரும் சகாக்களும் வெளியிட்ட சோதனை ஒன்று. மருத்துவமனையை ஒட்டிய வாகன நிறுத்தத்தில், ஒவ்வொரு காரின் கண்ணாடித் துடைப்பானிலும் ஒரு துண்டறிக்கையைச் செருகிவைத்தார்கள். காரை எடுக்க வருபவர் அதை என்ன செய்கிறார் என்று பார்ப்பதுதான் வேலை. இடம் சுத்தமாக இருந்தபோது கீழே போட்டவர்கள் 14 சதவீதம். வேண்டுமென்றே குப்பை பரப்பி வைத்தபோது 32 சதவீதம். இதில் வியப்பில்லை. அடுத்ததுதான் சுவாரசியம். காரை நோக்கி வருபவர் கண்ணில் படும்படி, ஆராய்ச்சிக்காரர்களின் ஆள் ஒருவர் தாளைக் கீழே போட்டுவிட்டுப் போனார். ஏற்கெனவே குப்பை கிடந்த இடத்தில் அதைப் பார்த்தவர்களில் 54 சதவீதம் பேர் தாங்களும் போட்டார்கள். சுத்தமான இடத்தில் அதே செயலைப் பார்த்தவர்களில் போட்டவர்கள் 6 சதவீதம்தான். யாரும் போடாதபோது இருந்ததைவிடக் குறைவு! சுத்தமான தரையில் ஒருத்தன் போட்டால், 'இங்கே யாருமே போடுவதில்லையே' என்பது அப்போதுதான் மண்டையில் உறைக்கிறது. குப்பைத் தரையில் போட்டால், 'இங்கே எல்லாரும் போடுகிறார்கள்' என்பது உறைக்கிறது.

வேளாங்கண்ணியில் இதைச் சோதனைச்சாலை இல்லாமலே பார்க்கலாம். பேராலயத்திலிருந்து மாதா குளம் வரை ஒரு மணற்பாதை போகிறது. நேர்ந்துகொண்டவர்கள் அதில் முழந்தாளிட்டு நகர்ந்து போவார்கள். கைக்குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, முழங்காலில் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டு, மறுபடி நகரும் பெண்களைப் பார்க்கலாம். அவர்கள் வந்துகொண்டிருக்கும்போது அந்த மணலில் மிட்டாய் உறையைப் போட யாருக்கும் கை கூசும். அதே பையன் சில நிமிடங்களில் கடற்கரைக்குப் போகிறான். பொரித்த மீன் தட்டுகளும் சோளக்கதிர்ச் சக்கைகளும் கிடக்கிற இன்னொரு மணல். அங்கே கை கூசவில்லை. நடுவில் அவனுடைய அறிவும் மாறவில்லை, பக்தியும் குறையவில்லை. தரை மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

அந்த 'எல்லாரும்' எவ்வளவு பக்கத்து 'எல்லாரும்' என்பதும் முக்கியம். 2008இல் வெளியான ஒரு ஆய்வில், ஹோட்டல் அறைத் துண்டைத் திரும்பப் பயன்படுத்தச் சொல்லி அட்டைகள் வைத்தார்கள். சுற்றுச்சூழலைக் காப்பாற்றுங்கள் என்ற வழக்கமான அட்டைக்கு இணங்கியவர்கள் 35 சதவீதம். பெரும்பாலான விருந்தினர்கள் அப்படிச் செய்கிறார்கள் என்ற அட்டைக்கு 44. இதே அறையில் தங்கியவர்களில் பெரும்பாலானோர் செய்தார்கள் என்றபோது 49. முன்பின் தெரியாத யாரோ, ஆனாலும் நம் அறையில் தங்கியவர். அது போதுமாக இருக்கிறது.

இங்கே நம் பள்ளிக்கூடங்களின் காலைக் கூட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். மைக்கைப் பிடித்த ஆசிரியர், "நீங்க யாருமே குப்பைத் தொட்டிய மதிக்கிறதே இல்ல. இந்த வளாகத்துல எல்லாரும் போற இடத்துல போட்டுட்டுப் போறீங்க" என்று கோபப்படுகிறார். நியாயமான கோபம்தான். ஆனால் பிள்ளைகள் காதில் விழுவது என்ன? 'எல்லாரும் போடுகிறார்கள்.' அமெரிக்காவின் அரிசோனாவில் கல்லாக இறுகிய பழங்கால மரங்கள் உள்ள தேசியப் பூங்கா இருக்கிறது. வருகிறவர்கள் மரத்துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டு போகிறார்கள் என்று நிர்வாகம் புலம்பிப் பலகை வைத்தது. சியால்டினி குழு அதையும் சோதித்தது. நிறையப் பேர் எடுத்துப்போய் இந்தக் காடே மாறிவிட்டது என்று புலம்பிய பலகை இருந்த பாதையில் திருட்டு கிட்டத்தட்ட 8 சதவீதம். எடுக்காதீர்கள் என்று மட்டும் சொன்ன பலகைக்கு 2 சதவீதத்துக்கும் கீழே. திட்டுகிற வேகத்தில் தப்பான தகவலை விளம்பரம் செய்துவிடுகிறோம்.

பெரியவர்களுக்கும் இதெல்லாம் பொருந்தும். பதின்பருவத்தில் தனியாக என்ன இருக்கிறது? கூட்டாளி இருக்கிறான். 2005இல் மார்கோ கார்ட்னர், லாரன்ஸ் ஸ்டைன்பெர்க் இருவரும் ஒரு கார் விளையாட்டைக் கணினியில் ஆடவைத்தார்கள். மஞ்சள் விளக்கு விழுந்தபின் எவ்வளவு தூரம் துணிந்து ஓட்டுகிறார்கள் என்பதே கணக்கு. தனியாக ஆடும்போது 13 முதல் 16 வயதுக்காரர்களும் பெரியவர்களும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் ஆடினார்கள். கூட்டாளிகள் பக்கத்தில் நின்றபோது பிள்ளைகள் எடுத்த ஆபத்து இரண்டு மடங்குக்கும் மேல் ஏறியது, பெரியவர்களிடம் மாற்றமில்லை. ஆபத்து என்றால் என்ன என்று பிள்ளைகளுக்குத் தெரியாமல் இல்லை. யார் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது அவர்களுக்கு அதைவிடப் பெரிதாகப் படுகிறது.

பாதயாத்திரைக் கும்பலில் வரும் ஐந்து பையன்களை எடுத்துக்கொள்ளுங்கள். காவி வேட்டி, வெறுங்கால், கழுத்தில் ஜெபமாலை. சாலையோர அன்னதானப் பந்தலில் தண்ணீர் பாக்கெட் கொடுக்கிறார்கள். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்ட 14 வகைப் பிளாஸ்டிக்கில் அதுவும் ஒன்று. ஆனாலும் எங்காவது வந்துவிடும். மூலையைப் பல்லால் கடித்து, துண்டைத் துப்பி, பாதியைக் குடித்து, மீதியைப் பக்கத்தில் இருப்பவன் முதுகில் பீய்ச்சி, காலிப் பையைச் சுண்டி எறிகிறான் முதலாமவன். எவன் தூரமாக எறிகிறான் என்று அடுத்த கணமே போட்டி. ஐந்தாமவன் பாக்கெட்டை மடித்து இடுப்பில் செருகிக்கொள்ள நினைக்கலாம். நினைத்தால், "என்னடா, பெரிய கலெக்டரு!" என்று ஒரு குரல் வரும். அந்தக் குரல் வரும் என்று அவனுக்கு முன்கூட்டியே தெரியும். அதனால் செருகிக்கொள்ள மாட்டான். பிளாஸ்டிக்கைப் பற்றி அந்த ஐந்து பேரும் தனித்தனியே ஒரே கருத்தை வைத்திருந்தாலும் நிலைமை இதுதான்.

இதே கயிறு எதிர்ப்பக்கமும் இழுக்கும். நெதர்லாந்தில் 12 முதல் 16 வயதுப் பிள்ளைகளைக் கொண்டு நடந்த ஆய்வுகளில், பொதுவுக்குக் கொடுத்தபோது சகாக்கள் 'லைக்' போட்டால் பிள்ளைகள் கூடுதலாகக் கொடுத்தார்கள். கொடுக்காதபோது போட்டால் குறைத்துக்கொண்டார்கள். அந்த ஐவரில் கெத்தாகக் கருதப்படும் முதலாமவன் மடித்துச் செருகியிருந்தால் மற்ற நால்வருக்கும் வேறு வேலை இருந்திருக்காது.

கெத்து என்றதும் மஞ்சப்பை நினைவுக்கு வருகிறது. 2021 டிசம்பரில் தமிழக அரசு 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தைத் தொடங்கியது. நல்ல பொருள், துவைக்கலாம், மடிக்கலாம், பத்துக் கிலோ தாங்கும். ஆனால் ஒரு தலைமுறைக் காலமாகச் சினிமாவில் மஞ்சப்பையோடு பஸ்ஸை விட்டு இறங்குபவன் ஏமாறப்போகிற பட்டிக்காட்டான். ஜவுளிக்கடைப் பெயரோ, 'மணமக்கள்' என்று அச்சிட்ட தாம்பூல வாழ்த்தோ தாங்கிய பையை நாற்பது வயதுக்காரர் பழைய பாசத்தோடு தூக்கிக்கொள்வார். பதினைந்து வயதுக்காரன் அதைத் தூக்கிக்கொண்டு கூட்டாளிகள் உட்கார்ந்திருக்கும் பாலத்தைக் கடக்க வேண்டுமே! நாலு பேர் பார்க்கும் இடத்தில், அந்தஸ்தை மனதில் வைத்து வாங்கச் சொன்னால், மக்கள் பசுமையான பொருளை அதிகம் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று க்ரிஸ்கெவிசியஸ் குழு 2010இல் காட்டியது. அந்தப் பொருள் விலை கூடுதலாக இருந்தால் ஈர்ப்பு இன்னும் கூடியது. மஞ்சப்பையை அரசு மலிவு என்று விற்கிறது. விடலைப் பிள்ளை மதிப்பு என்ற சந்தையில் வாங்குகிறான். ஒரு கிரிக்கெட் அணியின் பெயரை அதில் அச்சிட்டால்கூட நிலைமை மாறும் என்று நினைக்கிறேன்.

அடுத்த தடை, 'நான் ஒருத்தன் செய்து என்ன ஆகும்?' என்ற கேள்வி. இது சாக்கு என்று ஒதுக்கிவிடக் கூடாது. டெல்டாவின் கடைமடையில் வளர்கிற பிள்ளைக்கு அது கண்ணெதிரே ஓடுகிற உண்மை. மேட்டூரில் திறந்த தண்ணீர் கடைசியாக எட்டிப்பார்க்கும் ஊர்கள் இவை. மேலே யார் எதைப் போட்டாலும் வாய்க்கால் வழியாக வந்து, ஆகாயத்தாமரையோடு சிக்கி, மிச்சம் கடலுக்குப் போகும். வேளாங்கண்ணிக்கும் செருதூருக்கும் அருகே வெள்ளையாறு கடலில் சேருகிற முகத்துவாரத்தில் நின்றால், எந்தெந்த ஊர்க் கடைகளில் என்ன விற்கிறார்கள் என்று கணக்கெடுத்துவிடலாம். இங்கே ஞாயிற்றுக்கிழமை சாக்குப்பை நிறையப் பொறுக்கிய பிள்ளை திங்கட்கிழமை வந்து பார்த்தால் அதே அளவு கிடக்கும். உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977இல் சொன்ன 'தன்னால் முடியும் என்ற நம்பிக்கை' இப்படித்தான் தேயும்.

பயம் சேர்ந்தால் இன்னும் மோசம். 2021இல் லான்செட் குழும இதழில் வந்த ஆய்வு, இந்தியா உட்படப் பத்து நாடுகளில் 16 முதல் 25 வயதுள்ள 10,000 பேரைக் கேட்டது. பருவநிலை மாற்றத்தைப் பற்றி மிகவும் கவலைப்படுவதாக 59 சதவீதம் பேர் சொன்னார்கள். நாகப்பட்டினம் கடற்கரையில் பயத்துக்குப் பஞ்சமில்லை. 2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ஞாயிறு காலை, வேளாங்கண்ணியில் கடற்கரையில் நின்ற யாத்திரிகர்களை அலை கொண்டுபோனது. இன்று பள்ளியில் படிக்கும் யாரும் அப்போது பிறந்திருக்கவில்லை. ஆனாலும் வீட்டில் கேட்டே வளர்ந்திருக்கிறார்கள். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வந்தது அவர்களில் பலருக்கே நினைவிருக்கும்: கூரை பறந்த சத்தம், வேரோடு சாய்ந்த தென்னைகள், நாள்கணக்கில் கரண்ட் இல்லாத இருட்டு. சுனாமி கடலடி நிலநடுக்கத்தால் வந்தது, பருவநிலை மாற்றத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்பதைப் பல பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. சுனாமியும் புயலும் சேர்ந்து 'கடல் ஒருநாள் வந்துவிடும்' என்ற ஒரே பயமாகிவிடுகின்றன. என்ன செய்வது என்று சொல்லாமல் பயத்தை மட்டும் ஏற்றினால் பிள்ளை காதை மூடிக்கொள்ளும். அலட்சியம் என்று நாம் நினைப்பதில் பாதி இதுதான்.

இதற்கு மாற்றாக நான் எப்போதும் எண்ணிப்பார்ப்பது சென்னையின் மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பை. 1988இல் மாணவர்கள் தொடங்கியது, இன்றும் நடக்கிறது. பங்குனி ஆமை என்றழைக்கும் ஆலிவ் ரிட்லி ஆமைகள் ஜனவரியிலிருந்து கரையேறி முட்டையிடும் மாதங்களில், நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை இரவெல்லாம் நடப்பார்கள். மணலில் துடுப்புக் கால்கள் கீறிய தடம் தெரிந்தால் அதைப் பிடித்துப் போய், கம்பால் மெல்லக் குத்திப் பார்த்து, மணல் இளகிக் கம்பு இறங்கும் இடத்தில் கையால் தோண்டுவார்கள். நூறு சொச்சம் முட்டைகள், பிங்பாங் பந்து அளவில். பொரிப்பகத்தில் புதைத்தால் ஏறக்குறைய ஒன்றரை மாதத்தில் குஞ்சுகள் வெளிவரும். இதில் உபதேசம் எங்கே இருக்கிறது? நள்ளிரவு இருக்கிறது, கடல் இருக்கிறது, கூட்டாளிகள் இருக்கிறார்கள், வீட்டில் அனுமதி வாங்குகிற சாகசம் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, செய்ததை எண்ணிப்பார்க்க முடிகிறது. இன்று இத்தனை முட்டை. உலகத்தைக் காப்பாற்று என்று யாரும் கேட்கவில்லை. இந்தக் குழியைக் காப்பாற்று என்றார்கள். வனத்துறையின் பொரிப்பகங்கள் நாகை மாவட்டக் கடற்கரையிலும் உண்டு. அங்கே குஞ்சுகளைக் கடலில் விடுவதைப் பள்ளிப் பிள்ளைகள் வரிசையில் நின்று வேடிக்கை பார்ப்பதோடு நிறுத்தாமல், தடம் தேடும் வேலையிலும் சேர்த்தால் கதையே வேறு.

கோபத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். 2017இல் நெடுவாசலில் ஹைட்ரோகார்பன் திட்டத்துக்கு எதிராக மக்கள் உட்கார்ந்தபோது, ஜல்லிக்கட்டுப் போராட்டத்தின் சூடு ஆறாத மாணவர்கள் திரண்டு வந்தார்கள். அதே ஆண்டு கதிராமங்கலத்திலும் இதுபோலப் போராட்டம். 2020இல் காவிரி டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கும் சட்டம் வந்தது. ஒரு தலைமுறை, தங்கள் குரலுக்கு விளைவு உண்டு என்பதைக் கண்ணால் பார்த்தது. ஆனால் போராட்டப் பந்தலிலும் காலிப் பாக்கெட்டுகள் கிடக்குமே என்று கேட்பீர்கள். கிடக்கும்தான். சமூக உளவியலாளர் பால் ஸ்டெர்ன் 2000இல் இதைப் பிரித்துக் காட்டினார்: பொதுவெளியில் குரல் கொடுப்பது ஒரு வகை நடத்தை, வீட்டிலும் தெருவிலும் அன்றாடம் செய்வது இன்னொரு வகை. இரண்டுக்கும் ஊற்று ஒன்றல்ல. முதலாவதை நியாய உணர்வும் அடையாளமும் நடத்துகின்றன. இரண்டாவதைப் பழக்கமும் வசதியும், குப்பைத்தொட்டி எத்தனை அடி தூரத்தில் இருக்கிறது என்பதும்.

ஆனாலும் முதலாவதன் சூட்டை இரண்டாவதற்குக் கொஞ்சம் கடன் வாங்கலாம். அமெரிக்காவில் பிரையன், யேகர் குழு 2016இல் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் நொறுக்குத் தீனியைப் பற்றிப் பேசியது. உடம்புக்குக் கெடுதல் என்று சொல்லவில்லை. பெரிய கம்பெனிகள் உங்களை அடிமையாக்கவே இப்படிச் செய்கின்றன, ஏழைகளையும் சின்னக் குழந்தைகளையும் குறிவைக்கின்றன என்று சொன்னது. மறுநாள் தீனியைத் தேர்ந்தெடுக்கும்போது, வழக்கமான ஆரோக்கியப் பாடம் கேட்டவர்களைவிட இவர்கள் குளிர்பானத்தையும் சிப்ஸையும் குறைத்தார்கள். பெரியவன் சொன்னதைக் கேட்பது அந்த வயதுக்கு அவமானம். பெரியவனிடம் ஏமாறாமல் இருப்பது பெருமை.

வேளாங்கண்ணியிடம் வேறு எந்த ஊரிலும் எளிதில் கிடைக்காத கருவி ஒன்று இருக்கிறது: நேர்ச்சை. காவி கட்டியவன் நாலு பேர் அறிய ஒரு வாக்குக் கொடுத்திருக்கிறான். செருப்புப் போடமாட்டேன், கறி தின்னமாட்டேன் என்று சொன்னவன் அதை மீறினால் முதலில் கேட்பது கூட நடக்கிற கூட்டாளிதான். 'இன்னது நேர்ந்தால் இன்னது செய்வேன்' என்று முன்கூட்டியே முடிச்சுப் போட்டுவைத்தவர்கள் சொன்னதைச் செய்து முடிப்பது அதிகம் என்று உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1990களில் காட்டினார். பாக்கெட் கைக்கு வந்தால் காலியானதும் பைக்குள் போகும் என்பதும் ஒரு நேர்ச்சையாக இருக்கலாம். போப் பிரான்சிஸ் 2015இல் சுற்றுச்சூழல் குறித்த 'லவ்தாத்தோ சி' மடலை வெளியிட்டார். செப்டம்பர் 1ஐப் படைப்பின் பாதுகாப்புக்கான மன்றாட்டு நாளாக அறிவித்ததும் அதே ஆண்டில்தான். அந்த நாள் வேளாங்கண்ணித் திருவிழாவின் நடுவில் விழுகிறது. ஒவ்வொரு பாதயாத்திரைக் குழுவுக்கும் ஒரு தலைவர் உண்டு. அவர் கையில் ஒரு சாக்குப்பை இருந்தால், ஐந்தாமவனைக் கலெக்டர் என்று யாரும் கூப்பிடமாட்டார்கள்.

வீட்டுக்கு வருவோம். டென்மார்க்கில் க்ரோன்ஹோய், தோகெர்சன் இருவரும் குடும்பங்களை ஆராய்ந்து 2012இல் எழுதியது: பெற்றோர் மனதில் வைத்திருக்கும் நல்லெண்ணத்தைவிட, பிள்ளை கண்ணில் படும்படி அவர்கள் செய்வதுதான் பிள்ளையின் நடத்தையில் தெரிகிறது. அப்பா டீக்கடையில் எவர்சில்வர் தூக்கை நீட்டிப் பார்சல் வாங்குவதைப் பையன் பார்த்திருக்க வேண்டும்.

பாடம் கீழிருந்து மேலேயும் ஏறும். அமெரிக்காவின் வட கரோலினாவில், வேளாங்கண்ணியைப் போலவே புயல் அடிக்கிற கடலோர மாவட்டங்களில், 10 முதல் 14 வயதுப் பிள்ளைகளுக்குப் பருவநிலைப் பாடம் நடத்தினார்கள். பெற்றோரைப் பேட்டி காண்பதும் பாடத்தில் ஒரு பகுதி. ஊரில் முன்பெல்லாம் கடல் எப்படி இருந்தது, மழை எப்படிப் பெய்தது என்கிற வகைக் கேள்விகள்தான். வாதம் எதுவும் கிடையாது. 2019இல் வந்த முடிவுப்படி, அந்தப் பெற்றோரின் அக்கறை மற்ற பெற்றோருடையதைவிடக் கூடியது. அதிகம் மாறியவர்களில் தொடக்கத்தில் இதில் அக்கறை குறைவாக இருந்த அப்பாக்களும் இருந்தார்கள். அவர்களை மாற்றியதில் மகன்களைவிட மகள்களுக்குப் பங்கு அதிகம். செருதூரில் வலை பின்னிக்கொண்டிருக்கும் அப்பாவிடம், கிழிந்த நைலான் வலையைக் கடலில் விட்டால் அது என்ன ஆகிறது என்று கேட்க ஒரு எட்டாம் வகுப்புப் பெண்ணுக்கு வீட்டுப்பாடம் கொடுத்தால் போதும். பதில் அவருக்குத்தான் நன்றாகத் தெரியும்.